ஏழு லட்சம் கல்விக் கடனுக்கு வீட்டுப் பத்திரம் வேண்டுமா? ஒரு கேள்வியும் தொடர்குறிப்புகளும்

கேள்வி: 30 ஜூலை 2025

பொறியியல் கலந்தாய்வில் என் மகளுக்கு ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. நான் ராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளி. ஆண்டு வருமானம் 3 லட்சத்து 60 ஆயிரம். கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து நான்கு ஆண்டுகளுக்கு 7 லட்சம் ஆகும். வங்கியில் 4 லட்சத்துக்கு மேல் என்றால் வீட்டுப் பத்திரம் கொண்டு வரச் சொல்கிறார்கள். ஒரு தனியார் நிதி நிறுவனம் பத்திரம் இல்லாமலே மூன்று நாளில் 13.5 சதவீத வட்டிக்குத் தருவதாகச் சொல்கிறது. பத்திரம் இல்லாதவனுக்கு வங்கிக் கடன் என்பது ஏட்டில் மட்டும்தான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். தவறு என்றால் சொல்லுங்கள்.

30 ஜூலை 2025, இரவு

தவறு. அந்த நிதி நிறுவனத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி 4 லட்சம் வரை எந்தப் பிணையும் கேட்கக் கூடாது. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். 4 லட்சத்துக்கு மேல் 7.5 லட்சம் வரை முன்பு மூன்றாம் நபர் ஜாமீன் கேட்டு வந்தார்கள். 2015-இல் கல்விக் கடன்களுக்கென்று மத்திய அரசு ஒரு கடன் உத்தரவாத நிதியை ஏற்படுத்தியது. 7.5 லட்சம் வரை பிணையும் ஜாமீனும் இல்லாமல் கொடுத்த கடன் வாராக்கடன் ஆனால், நிலுவையில் 75 சதவீதத்தை அந்த நிதி வங்கிக்கு ஈடு செய்யும். எனவே 7 லட்சத்துக்கு உங்கள் வீட்டுப் பத்திரம் தேவையில்லை. கிளையில் பேசும்போது 'கடன் உத்தரவாத நிதியின் கீழ் விண்ணப்பிக்கிறேன்' என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பெயர் சொல்லிக் கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் வேறாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது செய்தி இதைவிடப் பெரியது. உங்கள் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருக்கிறது. 2009-10 முதல் நடைமுறையில் உள்ள மத்திய வட்டி மானியத் திட்டத்தின்படி, தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்குப் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் சேரும் வட்டி முழுவதையும் அரசே வங்கிக்குக் கொடுத்துவிடும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' அமைப்பின் அங்கீகாரம் கல்லூரிக்கோ, தொழில்நுட்பப் படிப்புகளை மதிப்பிடும் 'என்பிஏ' அமைப்பின் அங்கீகாரம் படிப்புக்கோ இருக்க வேண்டும் என்பது 2018 முதல் உள்ள நிபந்தனை. கல்லூரியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 1 லட்சத்து 75 ஆயிரம் வீதம் நான்கு ஆண்டுகள் வாங்குகிறீர்கள் என்று கொள்வோம். இத்தகைய நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் மாதத்திலிருந்தே வட்டி கட்டச் சொல்லும். 13.5 சதவீதத்தில் முதலாண்டு மாதம் 1,969 ரூபாய். நான்காம் ஆண்டு மாதம் 7,875 ரூபாய். உங்கள் சம்பளத்தில் கால் பங்குக்கும் மேல். வேலை தேடும் ஓராண்டையும் சேர்த்தால் ஐந்து ஆண்டுகளில் வட்டியாக மட்டும் 3 லட்சத்து 30 ஆயிரத்துச் சொச்சம் போயிருக்கும். அசல் 7 லட்சம் அப்படியே நிற்கும். வங்கியில் மானியத்தோடு வாங்கினால் அதே ஐந்து ஆண்டுகளில் உங்கள் கையிலிருந்து போகும் வட்டி ஒன்றுமில்லை.

31 ஜூலை 2025

நேற்று விட்டுப் போனவை.

ஒரே கிளையை நம்பி இருக்க வேண்டாம். 2015 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய வித்யாலட்சுமி இணையதளத்தில் ஒரே பொது விண்ணப்பத்தை மூன்று வங்கிகள் வரை அனுப்பலாம். விண்ணப்ப எண் கிடைத்துவிட்டால் 'நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லையே' என்று யாரும் சொல்ல முடியாது.

'உங்கள் வீடு எங்கள் எல்லைக்குள் வராது' என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், கல்விக் கடனுக்குச் சேவைப் பகுதி எல்லை பொருந்தாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருப்பதை எடுத்துச் சொல்லுங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். மாதிரித் திட்டத்தின்படி அடுத்த மேல்நிலை அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது. வாய்மொழி மறுப்பை மறுப்பாக எடுத்துக்கொண்டு வீடு திரும்புவதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்யும் பிழை.

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடத்தும் கல்விக் கடன் முகாமுக்கு, மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் வருவார். கிளையில் சுற்றிச் சுற்றி நடந்த விண்ணப்பம் அங்கே ஒரு தொலைபேசி அழைப்பில் நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

2 ஆகஸ்ட் 2025

விடுதிச் செலவையும் கடனில் சேர்க்கலாமா, அது கூடுதல் சுமை ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு என் வீட்டுக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் சங்கரன்கோவில். அப்பா விசைத்தறியில் கூலிக்கு நெய்தவர், வாரக் கூலி. 2012-இல் நான் பொறியியல் சேர்ந்தபோது கடன் என்றாலே வீட்டில் பயம். அதனால் கல்விக் கட்டணத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 60 ஆயிரம் வீதம் 2 லட்சத்து 40 ஆயிரம் போதும் என்று எழுதிக் கொடுத்தோம். விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. குறைவாகக் கடன் வாங்குவது நேர்மையான வாழ்க்கை என்று அவர் மனமார நம்பினார், நானும் நம்பினேன்.

முதல் ஆண்டு விடுதிக் கட்டணத்துக்கு அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. இரண்டாம் ஆண்டு தறிக்கூடத்துக்கு அருகில் வட்டிக்குக் கொடுப்பவரிடம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு 40 ஆயிரம் வாங்கினார். மாதம் மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். கல்விக் கடன் ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது ஒரு வட்டிதான். இன்று பல பொதுத்துறை வங்கிகளில் அதைவிடக் குறைவு. அந்த 40 ஆயிரத்துக்கு மாதம் 1,200 ரூபாய் வீதம் இரண்டரை ஆண்டு வட்டி மட்டும் கட்டினோம். 36 ஆயிரம் ரூபாய் போனது, அசல் குறையவில்லை. சங்கிலியை மீட்க முடியவில்லை.

விடுதி, உணவு, தேர்வு, நூலகக் கட்டணங்கள், புத்தகம், படிப்புக்குத் தேவையான மடிக்கணினி வரை கல்விக் கடனில் கேட்க இடமிருக்கிறது. கேட்காமல் விட்ட தொகை செலவில்லாமல் போய்விடாது. வேறு வாசல் வழியாக, வேறு வட்டியில் வீட்டுக்குள் வரும். 2017-இல் என் தங்கை செவிலியர் படிப்பில் சேர்ந்தபோது விடுதியும் சேர்த்து 3 லட்சத்து 60 ஆயிரம் கேட்டு வாங்கினோம். அவள் படித்த நான்கு ஆண்டுகளில் வீட்டுக்கு வட்டிக்காரர் யாரும் வரவில்லை. என்னுடையதைவிடப் பெரிய கடன் அது. ஆனால் அப்பா நிம்மதியாகத் தூங்கியது அந்த ஆண்டுகளில்தான்.

ஆகவே 'கடனைக் குறையுங்கள்' என்று பொதுவாக யாராவது சொன்னால் எந்தக் கடனை என்று திருப்பிக் கேளுங்கள்.

ஒரு நடைமுறைச் செய்தி: 4 லட்சத்தைத் தாண்டினால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நம் பங்கு. உங்கள் 7 லட்சத்துக்கு 35 ஆயிரம். அதை ஒரே தடவையில் கட்ட வேண்டியதில்லை; ஆண்டுதோறும் கடன் விடுவிக்கும்போது அந்தந்த விகிதத்தில் கட்டலாம். கல்வி உதவித்தொகை ஏதேனும் வந்தால் அதையும் நம் பங்காகவே கணக்கில் கொள்வார்கள்.

3 ஆகஸ்ட் 2025

படிக்கும்போதே வட்டி கட்டலாமா என்ற கேள்விக்கு: கட்டுங்கள். இயன்ற வரை மாதாமாதம் கட்டுங்கள்.

படிப்புக் காலத்தையும் அதன் பின் வரும் ஓராண்டையும் மாரட்டோரியம் என்பார்கள். அப்போது தவணை கேட்டு யாரும் வருவதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஐந்து ஆண்டும் தனிவட்டி. ஆறாம் ஆண்டு தவணை தொடங்கும் நாளில் சேர்ந்த வட்டி மொத்தமும் அசலோடு சேர்க்கப்படும். ஆண்டுக்கு 1 லட்சத்து 75 ஆயிரம் வீதம் 10 சதவீத வட்டிக்கு வாங்கிய 7 லட்சம், ஒன்றும் கட்டாவிட்டால் அன்றைக்கு 9 லட்சத்து 45 ஆயிரமாக நிற்கும். பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் 12,488 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டி முடித்திருந்தால் 9,251 ரூபாய். மாதம் 3 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம்; முதல் வேலையில் சேரும் ஒருவருக்கு அது அறை வாடகை. படிப்புக் காலத்தில் வட்டியை ஒழுங்காகக் கட்டுபவருக்கு 1 சதவீதம் வரை வட்டிக் குறைப்புத் தரும் வங்கிகளும் உண்டு. பெண்களுக்கு அரை சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு. இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

யாரும் நம்மிடம் எதையும் கேட்காத அந்த ஐந்து ஆண்டுகளில்தான் இந்தக் கடனின் உண்மையான விலை தீர்மானமாகிறது.

5 ஆகஸ்ட் 2025. மேலுள்ள குறிப்புக்குத் திருத்தம்.

3-ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு ஒரு தாய் தனியாக எழுதியிருந்தார். கணவர் இல்லை, ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம், மாதம் 1,500 ரூபாய் வட்டி கட்டத் தையல் வேலை கூடுதலாக எடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தார். படித்ததும் என் குறிப்பில் இருந்த குறை புரிந்தது.

வட்டி மானியத்துக்குத் தகுதி உள்ளவர்கள் வட்டி கட்ட வேண்டியதில்லை. 30-ஆம் தேதி நானே எழுதியதை நான்கு நாளில் மறந்து, எல்லாருக்கும் பொதுவாக 'கட்டுங்கள்' என்று எழுதிவிட்டேன். அந்தக் கணக்கு, குடும்ப வருமானம் 4.5 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கும், அங்கீகாரம் இல்லாத காரணத்தால் மானியம் கிடைக்காதவர்களுக்கும் மட்டுமே. மானியம் பெறுபவர் கையில் பணம் மிஞ்சினால் அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டுவைத்துத் தவணை தொடங்கும் நாளில் அசலில் கட்டலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று 2014 முதல் விதி இருக்கிறது.

அந்தத் தாயிடம் பேசிவிட்டேன். அவருக்கு வேண்டியது தையல் வேலை அல்ல, வட்டாட்சியர் அளிக்கும் வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்திருக்கிறார்.

9 ஆகஸ்ட் 2025

மானியம் தானாக வந்துவிடும் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசு தர வேண்டிய பணத்தை உங்கள் கிளை ஆண்டுதோறும் கேட்டு விண்ணப்பித்தால்தான் அது உங்கள் கணக்கில் வரவாகும். இத்திட்டத்துக்குக் கனரா வங்கி தொகுப்பு வங்கி. எல்லா வங்கிகளும் தங்கள் கோரிக்கையை அங்கேதான் அனுப்ப வேண்டும்.

என் கணக்கில் மூன்றாம் ஆண்டு வட்டியை எங்கள் கிளை கோரவே இல்லை. 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு 12 சதவீதம், 21,600 ரூபாய். அதை நான் கண்டுபிடித்தது படிப்பு முடிந்து, தவணைத் தொகை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்த பிறகுதான். கிளைக்கும் மண்டல அலுவலகத்துக்கும் மாற்றி மாற்றி எழுதிய கடிதங்களின் நகல்கள் இன்னும் என் கோப்பில் இருக்கின்றன. பதினொரு மாதம் ஆயிற்று. 'அந்த ஆண்டுக்கான கணக்கு முடிந்துவிட்டது' என்று முதலில் சொன்னார்கள். பிறகு எப்படியோ சரி செய்தார்கள். அந்தப் பதினொரு மாதமும் கூடுதல் தொகைக்கே நான் தவணை கட்டினேன்.

நான் வருமானச் சான்றிதழைச் சேரும் ஆண்டில் கொடுத்ததோடு சரி. நான்கு ஆண்டும் ஒருமுறைகூடக் கணக்கு அறிக்கை வாங்கிப் பார்க்கவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை அறிக்கை எடுத்து, வட்டி பற்று வைத்த தேதிகளையும் மானியம் வரவு வைத்த தேதிகளையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தால் நான்காம் ஆண்டிலேயே தெரிந்திருக்கும். மானியம் வந்து சேரச் சில மாதங்கள் பிந்தும். பிந்துவது இயல்பு, ஓராண்டு முழுவதும் காணவில்லை என்றால் உடனே எழுத வேண்டும். எழுதி 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2021 நவம்பரிலிருந்து எல்லா வங்கிகளுக்கும் ஒரே முறையீட்டு வாசல் இருக்கிறது. என் காலத்தில் இந்த வழி எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்று: இந்த மானியம் வாழ்நாளில் ஒருமுறைதான். இளங்கலைக்கு வாங்கினால் முதுகலைக்குக் கிடையாது. உடல்நலக் காரணம் இல்லாமல் படிப்பைப் பாதியில் நிறுத்தினாலும் கிடையாது.

10 ஆகஸ்ட் 2025

தந்தையின் சிபில் மதிப்பெண் (பழைய கடன்களை எப்படிக் கட்டினார் என்பதைக் காட்டும் எண்) குறைவு என்று மகனுக்குக் கடன் மறுத்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். 2023-இல் கேரள உயர் நீதிமன்றம், மதிப்பெண் குறைவு என்ற காரணத்தைக் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ஒரு மாணவர் தொடுத்த வழக்கில் கூறியது. தமிழ்நாட்டில் உள்ள கிளையை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. எனினும் மேல்முறையீட்டுக் கடிதத்தில் குறிப்பிடத் தக்கது. அதோடு, தந்தைக்குப் பதிலாகத் தாயை இணைக் கடன்தாரராக வைக்க முடியுமா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களில் அதுவே வழியாக அமைந்தது.

17 ஆகஸ்ட் 2025

தவணை தொடங்குவது பற்றி. இதை எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

நான் 2016-இல் படிப்பை முடித்தேன். ஓராண்டு கழித்துத்தான் தவணை என்று உறுதியாக நம்பினேன். ஆகஸ்டில் அம்பத்தூரில் ஒரு சிறு பட்டறையில் மாதம் 9 ஆயிரத்துக்கு வேலை கிடைத்தது. 2017 ஏப்ரலில் அப்பா தொலைபேசியில் அழைத்து, வங்கியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, இரண்டு தவணை பாக்கி என்று எழுதியிருக்கிறது, நீ கட்டவில்லையா என்று கேட்டார். நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், படிப்பு முடிந்து ஓராண்டு அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இவற்றில் எது முந்தியோ அது என்று இருந்தது. 2012-இல் வழக்கில் இருந்த விதி அதுதான். பின்னர் வந்த திருத்தத்தில் படிப்புக் காலமும் ஓராண்டும் என்று எளிதாக்கிவிட்டார்கள். ஆனாலும் பிறர் சொல்வதை நம்பாதீர்கள், இந்தக் குறிப்பையும் நம்பாதீர்கள். உங்கள் அனுமதிக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். அதில் தவணை தொடங்கும் நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள்.

ஏழாண்டுத் தவணையில் மாதம் 4 ஆயிரத்துக்கு மேல் வந்தது. 9 ஆயிரத்தில் அதைக் கட்டி, அறை வாடகை கொடுத்து, மீதியில் சாப்பிட்டேன். 2018-இல் பட்டறை மூடப்பட்டது. ஐந்து மாதம் வேலை இல்லை. ஐந்து மாதமும் நான் கட்டவில்லை, கிளைக்குப் போகவும் இல்லை. வெட்கம்தான் காரணம். தொண்ணூறு நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும் என்பதும், அது கடன் வரலாற்றில் என் பெயரில் மட்டுமல்லாமல் இணைக் கடன்தாரரான அப்பாவின் பெயரிலும் பதிவாகும் என்பதும் எனக்குத் தெரியாது. 2019-இல் சொந்தமாக ஒரு பழைய தறி வாங்க அப்பா கடன் கேட்டார். மகனின் கல்விக் கடனில் பாக்கி இருந்ததாகக் காட்டுகிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அப்பா என்னிடம் ஒரு வார்த்தையும் கோபமாகப் பேசவில்லை. கூலித் தறியிலேயே இன்னும் மூன்றாண்டுகள் நெய்தார்.

வேலை போன முதல் வாரத்திலேயே வேலை நீக்கக் கடிதத்தோடு கிளைக்குப் போயிருக்க வேண்டும். மாதிரித் திட்டத்திலேயே, வேலையின்மைக் காலத்தில் தவணையைத் தள்ளிவைக்கவும் தவணைக் காலத்தை நீட்டிக்கவும் இடமிருக்கிறது. மூன்று தவணை நிற்கும் முன் போனால் கேட்பது எளிது. வாராக்கடன் என்று முத்திரை விழுந்த பிறகு போனால் மேலாளர் மனது வைத்தாலும் கணினி விடாது.

தவணைக் காலத்தை இப்போது 15 ஆண்டு வரை நீட்டித் தருகிறார்கள். 10 சதவீதத்தில் 7 லட்சத்துக்குப் பத்தாண்டு என்றால் மாதம் 9,251, மொத்தம் சுமார் 11 லட்சத்து 10 ஆயிரம். பதினைந்தாண்டு என்றால் மாதம் 7,522, மொத்தம் சுமார் 13 லட்சத்து 54 ஆயிரம். நீண்ட காலத்தையே எழுதி வாங்கிக்கொண்டு, முடிந்த மாதங்களில் கூடுதலாகக் கட்டுவதைத்தான் நான் விரும்புவேன். நெருக்கடி வரும் மாதத்தில் சிறிய தவணை காப்பாற்றும். நல்ல மாதத்தில் கூடுதலாகக் கட்டுவதை யாரும் தடுக்கப் போவதில்லை.

18 ஆகஸ்ட் 2025

'கல்விக் கடன் தள்ளுபடி வரும், பொறுத்திருங்கள்' என்று ஒருவர் எழுதியிருப்பதை வன்மையாக மறுக்கிறேன். 2014 பிப்ரவரி இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் அறிவித்தது, 2009 மார்ச் 31 வரை வாங்கிய கடன்களில் 2013 டிசம்பர் இறுதி வரை நின்ற வட்டியை மத்திய அரசு ஏற்கும் என்பது. அதுவும் வட்டிதான், அசல் அல்ல. அந்தச் செய்தி எங்கள் தெருவில் 'கடன் தள்ளுபடி' என்றே பரவியது. என்னைவிட மூத்த ஒருவர், நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர், அடுத்த அறிவிப்பை எதிர்பார்த்துத் தவணையை நிறுத்தினார். வீடு கட்டக் கடன் கேட்டு நின்றபோது எல்லா வங்கிகளிலும் கதவு மூடியிருந்தது. நிறுத்திய காலத்துக்கு அபராத வட்டியோடு கட்டி முடித்தார்.

31 ஆகஸ்ட் 2025

சில கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில்.

நிர்வாக ஒதுக்கீடு: மாதிரித் திட்டம் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேருபவருக்கு வங்கிகள் தனித் திட்டங்களின் கீழ், பெரும்பாலும் கடுமையான நிபந்தனைகளோடு தருகின்றன. கலந்தாய்வில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டுப் 'பெரிய கல்லூரி' என்று நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் போகும் முன் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பிரதமர் வித்யாலட்சுமி: 2024 நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த புதிய திட்டம். தேசியத் தரவரிசையை வைத்து ஆண்டுதோறும் பட்டியல் போடுகிறார்கள். முதல் பட்டியலில் 860 கல்வி நிறுவனங்கள் இருந்தன. அங்கே இடம் கிடைத்தவருக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவருக்கு, 10 லட்சம் வரையான கடனில் மாரட்டோரியக் காலத்துக்கு 3 சதவீத வட்டிக் குறைப்பு உண்டு. அது ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான், வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறுபவருக்குக் கிடையாது. 4.5 லட்சத்துக்கும் 8 லட்சத்துக்கும் இடையில் நிற்கும் ஆசிரியர், சிறு வணிகர் வீடுகளுக்கு இது புதிய வாய்ப்பு.

வருமான வரி: 80இ பிரிவின்படி கல்விக் கடனுக்குக் கட்டும் வட்டி முழுவதையும் எட்டு ஆண்டுகளுக்கு வருமானத்திலிருந்து கழிக்கலாம், உச்சவரம்பு இல்லை. ஆனால் பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டுமே.

கடனுக்கு முன்: மகன் அல்லது மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழக அரசே 2021 முதல் ஏற்கிறது. அரசுப் பள்ளி மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். குடும்பத்தில் பட்டதாரியே இல்லை என்றால் கட்டணச் சலுகைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ். இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கடன் தொகை. இந்தக் கணக்கைப் போடாமலே வங்கிக்கு ஓடிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் படிப்பு வேறு கணக்கு. நம் பங்கு 15 சதவீதம், தொகை பெரியது, சொத்துப் பிணை வரும். நான் அனுபவப்படாத வழி என்பதால் அதில் நுழையவில்லை.

14 செப்டம்பர் 2025

தனியார் நிதி நிறுவனம் பற்றி முதல் நாள் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று மறுபடி யோசித்தேன். கல்லூரிக்கு அங்கீகாரம் இல்லாததால் மானியமும் இல்லை, வங்கி அலைக்கழிக்கிறது, கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது என்ற நிலையில் இருக்கும் ஒருவருக்கு, மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி வாங்குபவரைவிட அந்த நிறுவனம் மேல். அதை மறுக்க முடியாது. அப்படிப் போகிறவர், 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டிருக்கும் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள வட்டியைப் பார்க்காமல், செயலாக்கக் கட்டணமும் காப்பீட்டுத் தொகையும் சேர்த்து அதில் போட்டிருக்கும் ஆண்டு விகிதத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் 3 லட்சத்து 60 ஆயிரம் வருமானமும் கலந்தாய்வு இடமும் உள்ளவருக்கு என் பதில் மாறவில்லை.

2 நவம்பர் 2025

கேள்வி கேட்டவரோடு தொலைபேசியில் தொடர்பில் இருந்தேன். அவர் ஒப்புதல் பெற்று இதைப் பதிகிறேன்.

முதல் வங்கி மறுபடியும் பத்திரம் கேட்டது. எழுத்தில் தரச் சொன்னதும் 'மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்' என்றது. இரண்டாவது வங்கி, கல்லூரி கொடுத்த கட்டணக் கடிதத்தில் விடுதிக் கட்டணம் இல்லை என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பியது. அது சரியான காரணம். நாங்கள் இருவருமே அந்தக் கடிதத்தைக் கவனமாகப் படிக்கவில்லை. கல்லூரி அலுவலகத்தில் நான்காண்டுக்கும் ஆண்டு வாரியாகக் கல்விக் கட்டணம், விடுதி, உணவு, தேர்வு எனப் பிரித்து எழுதிய புதிய கடிதம் வாங்க ஒன்பது நாள் ஆனது. மகள் முதல் பட்டதாரி என்பதால் கல்விக் கட்டணம் குறைந்து, தேவை 6 லட்சத்து 20 ஆயிரமாக இறங்கியது. செப்டம்பர் கடைசி வாரத்தில் அந்த இரண்டாவது வங்கியே உத்தரவாத நிதியின் கீழ் பத்திரம் இல்லாமல் அனுமதித்தது. இடையில் முதல் பருவக் கட்டணத்தை மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கிக் கட்டியிருந்தார். ரசீதைக் காட்டி அந்தத் தொகையைத் திரும்பப் பெற்று மைத்துனருக்குக் கொடுத்துவிட்டார். கடன் காப்பீடு கட்டாயமா என்று கேட்டபோது, விருப்பம்தான் என்று அதிகாரி சொன்னார். இவர் யோசித்து எடுத்துக்கொண்டார். நானும் எடுக்கத்தான் சொல்லியிருப்பேன், ஏனென்றால் பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் கடன் பெற்றோர் தலையில் நிற்கும்.

வருமானச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கிளை முத்திரையோடு நகலில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அனுமதிக் கடிதத்தின்படி தவணை தொடங்குவது 2030 ஜூலை. அந்த வரியை மகளே சிவப்பு மையால் வட்டமிட்டு எனக்குப் படம் அனுப்பியிருந்தாள். முதல் கணக்கு அறிக்கையை ஏப்ரலில் எடுக்க வேண்டும். அவளிடம் நினைவூட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.